நைனாவுக்காக டாங்கோவ விட்டுடாத

அஞ்சலை, உன் கடுதாசி நேத்து வந்துச்சு. மழையில நனைஞ்சு ஓரமெல்லாம் உப்பிப் போயி வந்துச்சு, ஆனா எழுத்து ஒண்ணும் அழியல. பாரீஸ்ல அந்தப் பெரிய கொட்டகையில ஒத்தையா நின்னு ஓபரா பாடினேன், முடிச்சதும் ஜனங்க எழுந்து நின்னாங்கன்னு எழுதியிருக்க. ரெண்டு தரம் படிச்சேன். கடைசியில, "இத நைனாவுக்குப் படிச்சுக் காட்டும்மா. டாங்கோ பாடறத விட்டுடப் போறேன்னு சொல்லு. இப்பவாவது நான் வூட்டுக்கு வரலாமான்னு கேளு"ன்னு எழுதியிருக்க. படிச்சுக் காட்டறதுக்கு நைனா இல்லடி. நீ மேடை ஏறின சனிக்கிழமைக்கு முன்ன செவ்வாக்கிழமையே போயிட்டாரு. முந்தாநாள்தான் கருமாதி ஆச்சு. இத மொத வரியிலயே எழுதணும்னுதான் உக்காந்தேன், கை சுத்திக்கிட்டுப் போயிடுச்சு. எழுந்து கதவச் சாத்திக்கிட்டு அழுதுட்டு வா. மீதிய அப்புறம் படி.

தந்தி ஏன் வரலன்னு கேப்ப. தந்தி வேணாம்னு சொன்னவ நான். உன் மாமன், என் கூடப் பொறந்தவன், சேதி கேட்டு பாகூர்லேர்ந்து மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தான். வந்தவன் பொணத்தப் பார்த்துட்டு, நேரா கடலூருக்குப் போயி உனக்குத் தந்தி குடுக்கறேன்னு சைக்கிளத் திருப்பினான். நான் தலவிரி கோலமா எழுந்து போயி சைக்கிள் கைப்பிடியப் புடிச்சுக்கிட்டேன். வாசல் நெறைய ஜனம் பார்க்குது. பெத்த பொண்ணுக்குச் சொல்லாம எடுப்பாங்களான்னு அவன் கத்தறான். நான் சொன்னேன், தந்தி போறதுக்கு ஒரு நாளு, அவ ஏரோப்ளேன் புடிச்சு பம்பாய் வந்து மெட்ராஸ் வந்து இங்க வர்றதுக்கு எத்தினி நாளோ, பொணத்த வச்சிருக்கப் போறமா? எப்படியும் மொகம் பார்க்க முடியாது. தந்தி குடுத்தா ஒண்ணே ஒண்ணுதான் நடக்கும், சனிக்கிழம மேடை ஏறப் போறேன்னு எழுதியிருக்கா, அவ பாட மாட்டா. சைக்கிள உள்ள வைடா. அவன் வச்சான். ஆனா கருமாதி முடியற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. வந்த பொம்பளைங்க, மக கையால வாய்க்கரிசி இல்லாம போறாரேன்னு என் காதுபடவே சொல்லிச் சொல்லி அழுதாங்க. உன் பேர சொல்லி ஒரு புடி நானே போட்டேன். அது கணக்கோ, கணக்கில்லையோ, யாரக் கேக்கறதுன்னு தெரியல.

நான் செஞ்சது சரின்னு சாதிக்க வரல. கருமாதிக்காவது வந்திருப்பேனேன்னு நீ கேட்டா, ஆமா, வந்திருப்ப. ஆனா இத உடனே எழுதறதுக்குக் காரணம் வேற. நீ டாங்கோ பாடற அந்த டான்சு கொட்டகைக்காரனுக்கு இந்த மாசக் கடைசிக்குள்ள இருக்கேன், இல்லன்னு சொல்லணும்னு எழுதியிருக்க. ஓபரா வாத்தியாரு, இந்த மேடையில நிக்கறவ அந்த மாதிரி எடத்துல போயி நிக்கக் கூடாது, ஒண்ண விடுன்னுட்டாரு. நீயும் டாங்கோவ விடறதுன்னு தீர்மானம் பண்ணிட்ட. அதுக்கு நீ எழுதின காரணத்துல வாத்தியாரு ஒத்த வரிதான் இருக்காரு, மீதி பூராவும் நைனா. நைனா சந்தோசப்படுவாரு, நைனா சேர்த்துக்குவாரு. செத்துப்போன மனுசன் சேர்த்துக்குவாருன்னு நீ உன் பொழப்புல பாதிய வெட்டிப் போட்டுட்டு நின்னா, அப்புறம் இந்தச் சேதி வந்தா, நீ யார் கழுத்தப் புடிப்ப? அதனாலதான் கருமாதிக்கு வாங்கி வந்த பாத்திரமெல்லாம் கழுவாம கெடக்க, கூடத்துல ஒரு மூலையில உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கேன்.

உங்க நைனாவ நீ பொல்லாத மனுசன்னே நெனச்சுக்கிட்டு இருக்க. அந்த மனுசனுக்கு ஓபரான்னா எவ்வளவு மரியாதைன்னு உனக்குத் தெரியாது. சைகோன்ல மொத மொத அவரு பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சொல்தாவா இருந்தப்போ அவர ஓபரா கொட்டகை வாசல்லதான் காவலுக்குப் போட்டாங்க. நீ அப்ப கைக்கொழந்த. வூட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்வாரு, பெரிய பெரிய அதிகாரிங்கல்லாம் பொஞ்சாதியோட வராங்க, உள்ள ஒரு பொம்பள பாட வந்தா அத்தினி பேரும் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கான், எங்க ஊர்ல பாடற பொம்பளைக்கு எவன் இந்த மரியாத குடுப்பான்னு. அதே சம்பளத்துக்குத்தான் அப்புறம் அவர டான்சு கொட்டகைத் தெருவுக்குப் போட்டாங்க. குடிச்சிட்டு அடிச்சிக்கிட்டவன ரெண்டு கையாலயும் பிரிச்சு விடறது வேல. ஒரு தரம் புட்டி ஒடைச்சு அவரு தோள்ல குத்திட்டான் ஒருத்தன். அந்தத் தழும்ப நீ பார்த்திருக்க. அவரு மனசுல ரெண்டு பாட்டு, ரெண்டு வாசல். ஒண்ணுல சல்யூட் வச்சாரு, ஒண்ணுல குத்து வாங்கினாரு. பாட்டு இன்னான்னு அவரு ரெண்டு எடத்துலயும் உள்ள போயி கேக்கல.

மதாம் வூட்டுக்கு உன்ன அனுப்பினது நான். சைகோன்ல கீழ் வூட்டுல தையல் மிஷினு வச்சுக்கிட்டு இருந்த அந்த வெள்ளக்கார மதாம், ஒரு காலத்துல ஓபராவுல பாடினவன்னு எல்லாருக்கும் தெரியும், ஒடம்பு பெருத்து மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் விட்டுட்டா. நம்ம கொழம்புன்னா அவளுக்கு உசுரு. நான் கொழம்பு குடுத்தனுப்பும்போது நீ தூக்குச்சட்டிய வச்சுக்கிட்டு அவ பாடறதக் கேட்டுக்கிட்டே நின்னுடுவ. அப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒரு நாளு உன்னக் காணோமேன்னு கீழ எறங்கி வந்து பார்த்தா, தரையில மல்லாக்கப் படுத்திருக்க, உன் வயித்து மேல படி நெறைய அரிசி. மதாம் பக்கத்துல நாற்காலி போட்டுக்கிட்டு, படிய ஏத்து, எறக்கு, அரிசி சிந்தக் கூடாதுங்கறா. எனக்கு வந்த கோவத்துல அரிசியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு உன்ன இழுத்துக்கிட்டு வந்துட்டேன். ராத்திரி உங்க நைனாதான், அது மூச்சுப் பழக்கம், ஓபராவுக்கு அப்படித்தான் பழக்குவாங்க, அனுப்புன்னாரு. ஆமாடி, அவருதான். உன்ன ஓபரா படிக்க வச்சது உங்க நைனா.

டாங்கோ வந்தது மதாமோட தம்பியால. மடிப்பு மடிப்பா இழுக்கற அந்தப் பெட்டிய முழங்கால் மேல வச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு வாசிப்பானே, அவன்தான். பதினாறு வயசுல உன்ன ஒரு நாளு டான்சு கொட்டகைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி பாட வச்சான், நைனா அன்னிக்கு ஊர்ல இல்ல. நான் கூடவே வந்து சமையக்கட்டுத் தட்டிக்குப் பின்னாடி நின்னேன். சும்மா சொல்லக் கூடாது, பாட்டு நல்லா இருந்துச்சு. மதாம் சொல்லிக்குடுத்த பாட்டுல நீ நல்ல பொண்ணா நிப்ப. இதுல நீ இடுப்புல கை வச்சுக்கிட்டு, இன்னாடா பெரிய இவன்னு கேக்கற மாதிரி நின்ன. பாதியில நிறுத்துற, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கான், அப்புறம் மெதுவா மிச்சத்தச் சொல்ற. இது எங்கேர்ந்துடி வந்துச்சு இவளுக்குன்னு நெனச்சேன். என் மாமியாகிட்ட நான் ஒரு நாளாவது அப்படி நின்னிருந்தா எனக்கு இவ்வளவு தல நரைச்சிருக்காது.

அப்புறம் சண்ட முடிஞ்சு, பிரெஞ்சுக்காரன் சைகோன விட்டான். மதாம் உன்ன மகளாட்டம் கூட்டிக்கிட்டுப் போறேன், பாரீஸ்ல பெரிய எடத்துல படிக்க வக்கறேன்னு கேட்டப்போ, ஓபராவுக்குன்னு சொன்ன ஒரே காரணத்துக்காக உங்க நைனா சரின்னாரு. நீ அந்தப் பக்கம் கப்பல் ஏறின, நாங்க இந்தப் பக்கம் ஏறினோம். அங்க கொடி எறக்கினதப் பார்த்துட்டு இங்க வந்தா, இங்கயும் எறக்கி முடிச்சிருந்தாங்க. குருவிநத்தத்துல ஆத்தோரக் கயனியில கரும்பு போட்டுக்கிட்டு, பிரெஞ்சுக்காரன் பென்சன வாங்கிக்கிட்டு, சாயங்காலம் பிரெஞ்சுல கணக்குப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு. எம் பொண்ணு ஓபரா படிக்கிறான்னு பாகூர் பூராவும் சொல்லி வச்சிருந்தாரு. ஓபரான்னா இன்னான்னு கேட்டவனுக்கெல்லாம் ஒக்கார வச்சு வெளக்கம் சொல்வாரு. கேட்டவன் ஒருத்தன் கூட ரெண்டாந்தரம் கேட்டதில்ல, பாவம்.

படிப்புக்கு நடுவுல நீ சோத்துக்கு டாங்கோ பாடினது எனக்குத் தெரியும், நீ எழுதியிருந்த. அவர்கிட்ட சொல்ல வேணாம்னு ரெண்டு பேருமே விட்டோம். வில்லியனூரு தேருத் திருவிழாவுல அந்த ரகசியம் ஒடைஞ்சுது. அவரோட சைகோன்ல இருந்தவரு, வில்லியனூர்க்காரரு, பாரீஸ் போயிட்டு வந்தவரு, தேரு நெலைக்கு வந்த கூட்டத்துல நாலு பேரு நடுவுல வச்சுச் சொல்லிட்டாரு: உம் பொண்ணப் பார்த்தேன் முசே, முதுகு தெரியற கவுனு, ஆம்பளயும் பொம்பளயும் ஒட்டிக்கிட்டு ஆடறாங்க, இவ நடுவுல நின்னு பாடறா, நல்லாத்தான் பாடறான்னு. அவரு கெட்ட எண்ணத்துல சொல்லல, பெருமையாதான் சொன்னாராம். உங்க நைனா அங்கேர்ந்து பஸ் ஏறல. நடந்தே வந்தாரு குருவிநத்தத்துக்கு. பொழுது சாயற நேரம் வந்து, கால் வீங்கிப் போயி, ஒரு சொம்பு தண்ணி குடிச்சாரு. மறு நாளுதான் வாயத் தொறந்தாரு. அந்த வாசல்ல எவன் எவனையோ இழுத்துப் போட்டவன் நான், அதே வாசலுக்கு உள்ள எம் பொண்ணான்னாரு. அத்தோட உன் பேர எடுக்கறத நிறுத்திட்டாரு.

அடுத்த வருசம் நீ வந்த. சமாதானம் பண்ணத்தான் வந்த, எனக்குத் தெரியும். உன் நேரம், அவரு காய்ச்சல்ல படுத்துட்டாரு. ஒரு வாரமா நீ கஞ்சி வச்சுக் குடுத்த, குடிச்சாரு, மொகத்த மட்டும் சொவத்துப் பக்கம் திருப்பிக்குவாரு. ஒரு காலையில நீ எங்கிட்ட வந்து, அம்மா, நான் ஓபரா பாடி அவரு ஒரு தரம் கூடக் கேட்டதில்ல, கேட்டா மனசு எறங்கும், பாடட்டுமான்னு கேட்ட. பாடுடின்னேன். அந்தப் பாட்டுல யாருக்கோ புருசன் செத்துட்டான்னு எங்கிட்ட நீ அப்பவே சொல்லியிருந்தா, வேற ஒண்ணு எடுத்துக்கடின்னு சொல்லியிருப்பேன். சன்னலத் தொறந்து வச்சுக்கிட்டு, அவரு கட்டில் தலமாட்டுல நின்னு எடுத்த பாரு, அந்தக் குரலு ஆத்தங்கர வரைக்கும் போச்சு. தெருவுல காய்ச்சல்ல கெடக்கற ஆளு இருக்கற வூடு அது ஒண்ணுதான். அங்கேர்ந்து ஒரு பொம்பள அப்படி இழுத்து இழுத்துக் கதறினா ஜனம் இன்னான்னு நெனைக்கும்? களையெடுத்துக்கிட்டு இருந்த பொம்பளைங்க கயனியிலயே கொண்டைய அவுத்துவிட்டு மாருல அடிச்சுக்கிட்டு ஓடி வந்தாங்க. வாசல்ல வட்டமா உக்காந்து கட்டிப் புடிச்சு அழ ஆரம்பிச்சுட்டாங்க. நீ அவங்களப் பார்த்துட்டுக் கூட நிறுத்தல, பாட்டு முடியல பாரு. அவங்க சத்தம், உன் சத்தம். பறைக்கு ஆள் போயிடுச்சு. சேதி சொல்ல ரெண்டு பேரு சைக்கிள்ல கெளம்பிட்டான். நான் வாசல்ல நின்னு, ஒண்ணுமில்ல, உசுரோட இருக்காருன்னு கத்தறேன், துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு என்னப் புடிச்சு உக்கார வக்கறாங்க.

இப்ப எழுதும்போது எனக்கே சிரிப்பு வருது, ஆனா அன்னிக்கு யாரு சிரிச்சது? உச்சிப் பொழுதுக்குள்ள பாகூரு, வில்லியனூருலேர்ந்தெல்லாம் ஒறமொற கோடித்துணி, மாலையோட வந்து எறங்கிட்டாங்க. உள்ள வந்து பார்த்தா இவரு கட்டில்ல எழுந்து உக்காந்திருக்காரு. எழவுக்குன்னு எடுத்து வந்த கோடிய வூட்டுக்குத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகக் கூடாது, போனா அந்த வூட்டுல விழும்னு பயம். அதனால ஒவ்வொருத்தரா வந்து, அவர நிமிந்து பார்க்காம, கட்டில் கால்மாட்டுல வச்சுட்டுப் போனாங்க. அவரு தனக்கு வந்த கோடியத் தானே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. எல்லாத்தயும் வண்ணாரக் கூப்பிட்டுக் குடுத்தனுப்பினேன். எல்லாரும் போனப்புறம்தான் அவரு உன்னப் பார்த்துப் பேசினாரு. "உசுரோட இருக்கும்போதே எனக்கு ஒப்பாரி வச்சிட்ட. இனிமே என் எழவுக்கு நீ வர வேணாம்." வந்ததுலேர்ந்து உங்கிட்ட அவரு பேசின மொத வார்த்தயே அதுதான். நீ மறுநாளு பொட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்ட.

நீ போனப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் அவரால டீக்கடைப் பக்கம் போக முடியல. கோடி வாங்கின சொல்தான்னே பேரு வச்சிட்டானுங்க. கரும்பு வெட்ட வர்ற ஆளு கூட, இன்னா முசே, மறுபடி எப்பன்னு கேட்டுட்டுச் சிரிப்பான். சண்டையில குண்டுக்கு நடுவுல நின்னவரு, இதுக்கு நிக்க முடியல. அவரு கோவத்துல பாதி உம் மேல இல்லடி, ஊரு மேல. ஊரு மேல காட்ட முடியாதத உம் மேல காட்டினாரு. எனக்கு இது தெரிஞ்சும் நான் உனக்கு எழுதல, எழுதினா நீ இன்னும் ஒடைஞ்சு போவன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்.

ஒரு நாளு மட்டும் நேராவே கேட்டுட்டேன். இந்த வருசம் பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியக் காகிதத்துலயும் எழுதிக் குடுத்து எல்லாம் முடிஞ்சு, இங்க இருக்கறவங்க இந்தியாவா பிரான்சான்னு சொல்லணும்னு ஆச்சு இல்ல? எட்டு வருசமா இந்தச் சுத்துப்பட்டு ஊரெல்லாம், இந்தக் கம்யூனே ரெண்டுங்கெட்டானா நின்னுச்சு. கொடி ஒருத்தன் கொடி, காகிதம் இன்னொருத்தன் காகிதம். அப்படியே நட்டோம், அறுத்தோம், கல்யாணம் பண்ணினோம், ஒருத்தனும் கெட்டுப் போகல. உங்க நைனா புதுச்சேரிக்குப் போயி பிரான்சுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்து, கேழ்வரகுக் களியக் கரைச்சுக் குடிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் கேட்டேன், நீ மட்டும் ரெண்டு பக்கமும் நிக்கலாம், எம் பொண்ணு ரெண்டு பாட்டு பாடக் கூடாதா? அவரு சொன்னாரு, "நான் சம்பளத்துக்கு நின்னேன்." நான் சொன்னேன், "அவளும் சம்பளத்துக்குத்தான் நின்னா." சொம்ப வச்சுட்டு எழுந்து போயிட்டாரு. அன்னிக்குச் சாப்பிட வரல.

இப்ப நீ கேக்கப் போறது எனக்குத் தெரியும். கடைசியில உன்னக் கேட்டாரான்னு. கேட்டாருன்னு ஒரு பொய் எழுதிட்டா உனக்கும் ஆறுதல், எனக்கும் நல்ல பேரு. பேனாவ எடுத்துப் பார்த்தேன், வரல. மாருல சளி கட்டி, மூச்சு இழுக்க ஆரம்பிச்ச அன்னிக்கு நான் குனிஞ்சு, அஞ்சலைக்குத் தந்தி குடுக்கட்டுமான்னு கேட்டேன். கண்ணத் தொறந்து என்னப் பார்த்தாரு. "அவதான் ஒரு தரம் பாடிட்டாளே. போதும்"னாரு. அவ்வளவுதான். அப்புறம் தண்ணி கேட்டாரு, குடுத்தேன். அத கோவத்துல சொன்னாரா, கிண்டலாச் சொன்னாரா, இல்ல நீ பாடினத மனசுல வச்சுக்கிட்டு நெசமாவே போதும்னாரா, எனக்குத் தெரியலடி. இத்தினி வருசம் குடித்தனம் பண்ணினேன், அவரு இருமறத வச்சே சோறு வேணுமா வேணாமான்னு சொல்லிடுவேன், இது மட்டும் தெரியல. செவ்வாக்கெழமலேர்ந்து அதையே போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன். நீ கெட்டிக்காரி, உனக்காவது தெரியுதா பாரு. தெரியலன்னா, தெரியாமயே இருந்துட்டுப் போகட்டும், ஆனா அத வச்சுக்கிட்டு ஒரு முடிவும் எடுக்காத.

நீ டாங்கோவ விட்டுடப் போறன்னு நான் சொல்லியிருந்தா அவரு சேர்த்திருப்பாரான்னு நேத்து பூராவும் யோசிச்சேன். சேர்த்திருக்க மாட்டாருன்னுதான் எனக்குப் படுது. வீம்பு புடிச்ச மனுசன். ஓபராவே பாடிக்கிட்டு வந்து நின்னாலும் கோடித்துணிதான் அவரு கண்ணுல நிக்கும். அப்ப நீ எதுக்கு எத விடற? உன் கடுதாசியிலயே ஒண்ணு எழுதியிருக்க, நீ கவனிச்சியான்னு தெரியல. பாட்டு நடுவுல ஒரு எடத்துல மேளக்காரங்க முன்ன போயிட்டாங்க, நான் டாங்கோவுல நிக்கற மாதிரி ஒரு மூச்சு பின்தங்கி நின்னு, அப்புறம் எடுத்தேன், கொட்டகையில ஒரு இருமல் கூட இல்ல, அங்கதான் ஜெயிச்சேன்னு எழுதியிருக்க. எழுதினது நீதானே? அந்த வாத்தியாருக்குக் காது இருந்தா அவருக்கும் கேட்டிருக்கும். மதாம் குடுத்த மூச்சுல நீ பாடின, அவ தம்பி குடுத்த நிதானத்துல நிறுத்தின. அத ரெண்டா அறுத்து ஒண்ணத் தூக்கிக் குப்பையில போடுன்னு சொல்றவரு கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டும்னு அவர்கிட்ட போயி நேராச் சொல்லு. முடியவே முடியாதுன்னா, அப்ப எது வேணும்னு நீ முடிவு பண்ணு. ஓபரா வேணும்னா ஓபராவுக்காக இரு, டாங்கோ வேணும்னா அதுக்காக இரு. பயத்துக்காக ஒண்ணையும் விடாத. எனக்காகவும் விடாத. வயசான காலத்துல அம்மா தனியா இருக்காளேன்னு பொட்டியக் கட்டிக்கிட்டு மொத்தமா வந்து உக்காந்தியானா, மாமனோட பையன் இன்னும் கல்யாணம் ஆகாமத்தான் இருக்கான், சொல்லிட்டேன்.

என்னப் பத்திக் கேக்காத. கரும்ப மாமன் பாத்துக்கறான்னான், பேச ஆரம்பிச்சிட்டான். ராத்திரில கட்டில் பக்கம் திரும்பி, காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேட்டுடறேன், அப்புறம்தான் ஞாபகம் வருது. மத்தபடி சோறு தின்றேன். உன் ஒப்பாரி பாட்டும் எனக்குப் புடிக்கும், அந்த இடுப்புல கை வச்சுப் பாடற பாட்டும் புடிக்கும். ஒண்ணு அழறதுக்கு, ஒண்ணு சண்ட போடறதுக்கு. ஒரு பொம்பளைக்கு ரெண்டும் வேணும். எனக்கு ஒண்ணுதான் பழக்கம், அதனாலதான் இவ்வளவு வருசம் எல்லாத்தயும் அழுதே முடிச்சேன்.

இந்தக் கடுதாசிய நாளைக்குக் காலையில பாகூரு தபால் ஆபீசுல நானே போயிப் போடுவேன், மாமன்கிட்ட குடுக்க மாட்டேன். போட்டா நீ எம் மேல வெறுப்பாயிடுவன்னு தெரியும். நைனா மொகத்த எங்கிட்டேர்ந்து மறைச்சிட்டாளேன்னு நீ நெனைப்ப. நெனச்சுக்க. ஆனா அவரு மாதிரி பேர எடுக்காம இருந்துடாத, அத இன்னொரு ஆள்கிட்ட என்னால தாங்க முடியாது. கடுதாசியில திட்டாத, எனக்கு உன் பிரெஞ்சு கலந்த எழுத்துல பாதி புரியறதில்ல. மாசக் கடைசிக்குள்ள அந்தக் கொட்டகைக்காரனுக்குப் பதில் சொல்லிட்டு, என்னத் திட்டறதுக்கு நேர்ல வா.